ஏச்சை வாசலில் விட்டுவிட்டு வாங்கோ!

வார இறுதியில் பாடசாலைக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆனால் வகுப்பறைக் கதிரைகள் நிறைந்திருக்கும்! வந்திருப்பவர்கள் பெரியவர்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனால் முகத்துக்கு முகம் பார்க்கமாட்டார்கள். மத்தியஸ்த சபை கூடப்போகிறது. வாங்கோ, உள்ளே போய் அந்த வித்தையைப் பார்ப்போம்.

சபையில் பேசப்படுவது இரகசியம். அதனால் யாருடைய உண்மைக் கதையையும் நான் அவிழ்க்கப் போவதில்லை. ஓட்டமாவடியில் எந்த ஒழுங்கையிலும் நடக்கக்கூடிய ஒரு கற்பனைப் பிணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு வளவுகளுக்கு நடுவே ஒரு கதியால் வேலி. ஒரு வளவில் வயதில் மூத்த அயலவர், அவரைக் காக்கா என்போம்; மற்றதில் இளையவர், அவரைத் தம்பி என்போம். காக்கா வேலியைத் தள்ளிப் போட்டார் என்கிறார் தம்பி; இல்லை என்கிறார் காக்கா. வாய் முற்றி, தம்பியின் வாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அவ்வளவுதான், வேலி மறந்துபோய்விட்டது! இனி சண்டை முழுவதும் அந்த வார்த்தையைப் பற்றித்தான்.

முதல் சுவாரசியம், நடுவர்களைத் தேர்வதில். மத்தியஸ்தர் குழாமிலிருந்து காக்கா ஒருவரைத் தெரிவுசெய்வார், தம்பி ஒருவரைத் தெரிவுசெய்வார், தெரிவான அந்த இரு மத்தியஸ்தர்களும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் வகுத்த முறை இது. சட்டத்தரணி வாதாட முடியாது. மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிபர்களும் நிறையப் பேர். சபையில் சொன்னதைப் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் முடியாது. மனம் திறக்க இதைவிட என்ன வேண்டும்!

இனித்தான் நான் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் காட்சி. காக்கா பேசி முடிக்கும்வரை தம்பி குறுக்கிடக் கூடாது. ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தில் ரயில் போகும்போது பஸ் காத்து நின்றதுபோல, ஒருவர் போன பிறகே மற்றவர். தம்பியின் முறை வருகிறது, கொதித்துவிடுகிறார்:

“இவர் ஒரு கள்ளன்!”

மத்தியஸ்தர் அதட்டமாட்டார். மெதுவாகக் கேட்பார்:

“கதியால் முந்தி நின்ற இடத்தில இப்ப இல்லை என்று சொல்றீங்க. அப்படித்தானே தம்பி?”

“ஓம்.”

பார்த்தீர்களா! கள்ளன் போய்விட்டான், கதியால் நிற்கிறது. கள்ளன் என்பதற்கு இன்னொரு ஏச்சைத் தவிர காக்காவிடம் என்ன பதில் இருக்கும்? கதியாலைப் பற்றியென்றால் பேசலாம், அளக்கலாம், காணி உறுதியை எடுத்துவந்து காட்டலாம். தம்பியின் முறைப்பாட்டில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆளை மட்டும் வசனத்திலிருந்து கழற்றிவிட்டார் மத்தியஸ்தர். வாயை அடைத்துப் பெறும் அமைதியைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பேன். இந்த நுட்பத்தை அவர்கள் பயிற்சியில் படித்துத்தான் வருகிறார்கள்.

சூடு தணியாவிட்டால் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கதைப்பார்கள். பலருக்கு முன்னால் வராத “அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது” என்ற வார்த்தை, தனியே கதைக்கும்போது வந்துவிடக்கூடும்.

வாப்பாவைப் பற்றி விழுந்த அந்தச் சொல்லும் சட்டத்துக்குச் சின்ன விஷயமல்ல. அமைதியைக் குலைக்கும்படி தூண்டும் நோக்கத்தோடு ஒருவரை வேண்டுமென்றே அவமதிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 484ஆம் பிரிவின்படி குற்றம். அப்படிப்பட்ட பிணக்குகளும் இந்தக் கதிரைகளுக்குத்தான் வருகின்றன.

இணக்கம் வந்தால் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுவார்கள். வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். யாரும் யாரையும் வற்புறுத்த முடியாது.

நாடெங்கும் 300க்கு மேற்பட்ட சபைகள் இப்படிக் கூடுகின்றன. உங்கள் வேலியிலும் ஒரு வார்த்தை சிக்கிக் கிடந்தால், உங்கள் பகுதிச் சபை எங்கே கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.