நிறம் சொல்லும் சாட்சி

ஒரு பெண்ணின் சினைப்பையிலிருந்து கட்டி ஒன்று அகற்றப்பட்டிருக்கிறது. அது புற்றுநோய்தான் என்று நுண்ணோக்கி காட்டிவிட்டது. உடனே மருந்தைத் தொடங்கிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், சினைப்பைப் புற்று ஒரே நோயன்று. விரைந்து பெருகும் வகை உண்டு. மெல்ல வளரும் வகையும் உண்டு. முன்னதை நன்கு தாக்கும் மருந்து பின்னதில் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. குடலில் தோன்றிச் சினைப்பைக்குப் பரவிய புற்றும் சில வேளை இவற்றைப் போலவே தோற்றமளிக்கும். தோற்றம் ஏமாற்றும்போது, செல்களில் உள்ள புரதங்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

புரதத்தைக் காண்பது எப்படி?

கிருமி நுழைந்தால், அதனுடன் மட்டும் பொருந்தும் எதிர்ப்பொருளை நம் உடல் உண்டாக்குகிறது அல்லவா? அதுபோல, நாம் தேடும் புரதத்துடன் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை ஆய்வகத்திலும் பெறலாம். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் 1975இல் கண்டறிந்தனர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கட்டியின் துண்டைப் பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனமுள்ள சீவலாக வெட்டுவார்கள். அதன்மேல் எதிர்ப்பொருளை இட்டுக் கழுவினால், புரதம் உள்ள இடத்தில் மட்டும் அது தங்கும். பிறகு, நொதி ஒன்று இணைக்கப்பட்ட மற்றோர் எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டும். சாயப்பொருளைச் சேர்த்ததும் அந்த நொதி அதைப் பழுப்பாக்கும். எனவே, பழுப்பு தெரியும் இடமே புரதம் இருக்கும் இடம்!

குடல் புற்றை வேறுபடுத்த 'பாக்ஸ்-8' புரதம் உதவும். சினைப்பைப் புற்றுகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். குடல் புற்றில் பொதுவாக இராது.

காவல் புரதம்

1979இல் கண்டறியப்பட்ட பி-53 என்ற புரதம், டி.என்.ஏ. பழுதடைந்த செல் பிரியாதவாறு தடுக்கும் காவலாளி. நலமான செல்லில் இது உண்டானவுடன் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே, சில உட்கருக்கள் அழுத்தமாகவும், சில மங்கலாகவும், சில நிறமின்றியும் தெரியும்.

விரைந்து பெருகும் வகையில் இதன் மரபணு கெட்டிருக்கும். 2011இல் வெளியான ஆய்வொன்றில், 316 கட்டிகளில் 96 சதவீதம் அவ்வாறே இருந்தன. மரபணு கெட்டதால் உருமாறிய புரதம் அழியாமல் குவிந்தால், ஏறத்தாழ எல்லா உட்கருக்களும் அடர்பழுப்பாகும். புரதமே உண்டாகாமல் போனால், புற்றுச் செல்களில் பழுப்பே இராது. மெல்ல வளரும் வகையிலோ பெரும்பாலும் நலமான செல்லின் கலப்பு நிறமே தெரியும்.

மிகுதியும் கேடு, முற்றிலும் இன்மையும் கேடு என்பது விந்தையாக இல்லையா? ஆனால், இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். எதிர்ப்பொருளே சரியாக வேலை செய்யாததால் நிறம் வராமல் போயிருந்தால்?

அதற்கும் விடை அதே சீவலில் இருக்கிறது. கட்டிக்குள் இரத்தக் குழாய்களின் செல்களும் நலமான பிற செல்களும் உண்டு. அவற்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்பு தெரிந்தால், சோதனை சரியாகவே நடந்தது. புற்றுச் செல்லின் வெறுமை உண்மையே. அவையும் வெறுமையாக இருந்தால், அந்தச் சீவலைக் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு பெண்ணுக்குத் தரும் மருந்து அந்த விடையைப் பொறுத்தது அல்லவா?