சேர்க்கை பார்க்கும் தேடுபொறி

2006 பிப்ரவரியில் சில நாட்களுக்கு, கூகுளில் தேடியவர்களுக்கு பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் இணையதளம் அகப்படவில்லை. தளம் என்னவோ நன்றாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. கூகுள்தான் அதைத் தன் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தது. தேடுபொறியின் நிரல் வந்து எட்டிப் பார்த்தால், 'பழைய கார்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை மூச்சுவிடாமல் அடுக்கிய பக்கங்கள் அதன் கண்ணில் படும். மனிதர் யாராவது அதே பக்கத்தைத் திறந்தால், இமைப்பதற்குள் படங்கள் நிறைந்த வேறொரு பக்கத்துக்குத் தள்ளிவிடப்படுவார். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்றது நிறுவனம். பக்கங்களை நீக்கியதும் பட்டியலில் மீண்டும் இடம் கிடைத்தது.

உலகமறிந்த கார் நிறுவனத்துக்கு இந்த வேலை எதற்கு? அப்போது அது பலித்தது, அவ்வளவுதான். அந்தக் காலத் தேடுபொறி அடிப்படையில் ஒரு பிரம்மாண்டமான சொல்லடைவு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று கணக்கு வைத்திருக்கும். எல்லாப் பக்கத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற திருத்தத்தை கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-லேயே எழுதிவைத்தார். 1998-ல் பிறந்த கூகுள் அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தது: யார் யாரெல்லாம் இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள்? ஆக, மேலே வர இரண்டு வழி. சொல்லைத் திணி, அல்லது லிங்க்கைச் சேகரி. தேடலில் பக்கங்களை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. என்ற தொழில் இரண்டையும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது வழியில், பத்திரிகைக் குறிப்பு அனுப்பும் பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன.

இரண்டு வழிகளையும் அடைத்தது காவல் வேலை மட்டும் என்று சொல்ல முடியாது. 2011-ல் பாண்டா, 2012-ல் பெங்குவின் என்று கூகுள் விட்ட மாற்றங்கள் சத்தில்லாத பக்கங்களையும் போலி லிங்க்குகளையும் களையெடுத்தது உண்மை. ஆனால் ஆட்டத்தையே மாற்றியது வேறொரு யோசனை. அது கணினித் துறையில் பிறந்ததும் இல்லை.

ஒரு சொல்லின் பொருளை அதன் சேர்க்கையைக் கொண்டு அறியலாம் என்று 1957-ல் எழுதியவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர். (இந்த ஃபர்த், தமிழ் உச்சரிப்பைப் பற்றிய ஒரு சிறு குறிப்பை 1934-ல் எழுதி, ஆர்டன் என்பவரின் தமிழ் இலக்கண நூலில் பின்னிணைப்பாகச் சேர்த்தவரும்கூட.) 'ரசம்', 'சாம்பார்' இரண்டுக்கும் என்ன பொருள் என்று தெரியாத ஒருவரிடம் லட்சக்கணக்கான தமிழ் வாக்கியங்களைக் கொடுங்கள். இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில் புளி, பெருங்காயம், தாளித்து, சாதம் என்று ஒரே கூட்டம் வந்து நிற்பதைக் கொண்டே இரண்டும் ஒரு ஜாதி என்று கண்டுபிடித்துவிடுவார். 2013-ல் கூகுளில் தாமஸ் மிக்கோலோவ் குழு உருவாக்கிய 'வேர்ட்டூவெக்' இதைத்தான் இயந்திரத்தைக் கொண்டு செய்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள். அந்த எண்களைத் திசைகளாக வைத்துப் பார்த்தால், பொருளில் நெருங்கிய சொற்கள் அருகருகே வந்து விழும். மளிகைக் கடைக்காரர் சாமான்களை அகரவரிசையில் அடுக்குவதில்லை. சேர்ந்து விற்பவற்றை எட்டும் தூரத்தில் வைப்பார். அப்படி ஓர் அடுக்கு இது.

வேர்ட்டூவெக்கில் ஒரு சொல்லுக்கு ஒரே இடம். 'படி' என்றால் மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா, புத்தகத்தைப் படியா என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. 2018-ல் கூகுள் வெளியிட்ட 'பெர்ட்' அந்தக் குறையைத் தீர்த்தது. வாக்கியம் முழுவதையும் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதற்கேற்ப 768 எண்களைத் தரும். 2019 அக்டோபரில் இது தேடலுக்குள் வந்தபோது கூகுள் காட்டிய உதாரணம் நினைவில் நிற்கிறது. அமெரிக்கா போகும் பிரேசில்காரருக்கு விசா வேண்டுமா என்று கேட்டால், பழைய முறை பிரேசில் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கத்தை நீட்டும். சொற்கள் எல்லாம் அதில் இருந்தனவே! திசையைச் சொன்னது ஆங்கிலத்தின் 'to' என்ற ஒரு சின்ன முன்னிடைச் சொல். அதை எண்ணிக்கைக் கணக்கு அற்பம் என்று தள்ளியிருந்தது. நமக்கு அந்த வேலையைச் செய்வது நான்காம் வேற்றுமை. தமிழ் உள்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதே ஆண்டு டிசம்பரில் பெர்ட் வந்து சேர்ந்தது.

இதனால் வாசகருக்கு என்ன லாபம்? 'எழுந்து நின்னா கண்ணு இருட்டுது, தலை சுத்துது' என்று ஒருவர் தட்டுகிறார். 'குறை ரத்த அழுத்தம்: காரணங்களும் சிகிச்சையும்' என்று ஒரு மருத்துவர் எழுதிய பக்கம் எங்கோ இருக்கிறது. கேள்விக்கும் தலைப்புக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. பொருள் வழித் தேடல் இரண்டையும் இணைத்துவைக்கும். இணையத்தில் தமிழர்கள் பல நேரம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதையும் கணக்கில் கொண்டு, 16 இந்திய மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்குமாக 'முரில்' என்ற மொழி மாதிரியைக் கூகுளின் இந்திய ஆய்வுக் குழு உருவாக்கியது.

எழுதுகிறவர்களின் பிழைப்பு இதில் எப்படி மாறுகிறது? கட்டுரையின் கடைசியில் ஐம்பது கீவேர்டுகளைக் கொட்டும் வழக்கம் நம் செய்தித் தளங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. அது வெறும் சடங்கு. கீவேர்டுக்கென்று பக்கத்தின் நிரலில் ஒதுக்கப்பட்ட இடத்தைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. முக்கியமான மாற்றம் வேறு. பொருளைத் தேடும் இயந்திரம், குறிப்பாகப் பதிலையே எழுதிக்கொடுக்கும் ஏ.ஐ., கட்டுரையை முழுசாகக் கையாளுவதில்லை. பத்தி பத்தியாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எண்களைக் கொடுத்து வைத்துக்கொள்கிறது. கேள்வி வந்தால் நெருக்கமான துண்டை மட்டும் உருவி எடுக்கிறது. மூன்றாவது பத்தி 'இதன் விலையும் அப்படித்தான்' என்று தொடங்கினால், எதன் விலை, எப்படி என்று துண்டுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பத்தியும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறார்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். விண்ணப்பம் நிரப்பச் சொல்லித்தரும் பக்கத்துக்கு இது நல்ல யோசனை. ஒரு பத்தியில் போட்ட முடிச்சை அடுத்த பத்தியில் அவிழ்க்கும் எழுத்துக்கு இது நாசம். நான் இரண்டாவது கட்சி.

இன்னொரு பக்கம், நல்ல பழக்கத்துக்கு இது கூலியும் தருகிறது. ஐ.ஐ.டி. டெல்லி, பிரின்ஸ்டன் ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பக்கத்தைப் பல விதமாகத் திருத்தி, எது ஏ.ஐ. பதிலில் அதிகம் தலைகாட்டுகிறது என்று அளந்தார்கள். புள்ளிவிவரம், மேற்கோள், ஆதாரத்தின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்த பக்கங்கள் 40 சதவீதம் வரை கூடுதலாகத் தென்பட்டன. கீவேர்டைத் திணித்த பக்கங்களுக்குப் பலன் எதுவும் இல்லை.

இனி பி.ஆர். தொழிலுக்கு வருவோம். நாளிதழ் அலுவலகங்களுக்கு வந்து குவியும் செய்திக்குறிப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'தரமே தாரக மந்திரமாகக் கொண்டு, வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்று, வெற்றிநடை போடும் முன்னணி நிறுவனமான...' கிரைண்டர் விற்பவரும் இதைத்தான் அனுப்புகிறார், பல் மருத்துவமனைக்காரரும் இதைத்தான் அனுப்புகிறார். உதவி ஆசிரியர் இதை வெட்டுவது அலுப்பினால். பொருள் வழித் தேடல் தவிர்ப்பதற்குக் காரணம் கணிதம். ஆயிரம் நிறுவனங்களின் இந்த வாக்கியங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் போய்க் குவிகின்றன. எந்தக் கேள்விக்கும் அவை நெருக்கமான பதில் இல்லை; 'முன்னணி நிறுவனம் எது' என்று கேட்டால்கூட ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க வழியில்லை. 'இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர், கல்லுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம், ஈரோட்டில் சர்வீஸ் சென்டர்' என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்கென்று ஓர் இடம் கிடைக்கும்.

மக்கள் தொடர்புத் துறையின் வரலாற்றில் முதல் செய்திக்குறிப்பு என்று சொல்லப்படுவது 1906-ல் ஐவி லீ எழுதியது. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில் பாலத்திலிருந்து விழுந்தது. செய்தியை மூடி மறைக்காமல், நடந்ததை நிருபர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார் அந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பைக் கவனித்த லீ. தகவல்தான் அந்தக் குறிப்பின் சரக்கு. தாரக மந்திரங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

லிங்க் வியாபாரமும் இதற்கிடையே படுத்துவிட்டது. செய்திக்குறிப்பை நூறு தளங்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் 'சிறந்த கிரைண்டர்' என்ற சொல்லில் லிங்க் வைப்பது மோசடியில் சேரும் என்று 2013-ல் கூகுள் விதி எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டே 'நாலெட்ஜ் கிராஃப்' வந்திருந்தது: ஆட்கள், ஊர்கள், நிறுவனங்கள் என்று 50 கோடி பொருட்களும், அவற்றுக்கிடையே உள்ள உறவுகளும். உங்கள் நிறுவனம் அதில் ஒரு முடிச்சு. யாருடைய பேச்சில், எந்த விஷயத்தோடு சேர்ந்து உங்கள் பெயர் அடிபடுகிறது என்பதைக் கொண்டே உங்களைப் பற்றிய சித்திரம் உருவாகிறது. லிங்க் இல்லாமல் ஒரு நாளிதழ் போகிற போக்கில் பெயரைச் சொன்னால்கூட, ஏ.ஐ. மாதிரி படித்துக்கொள்ளும் பாடத்தில் அது ஒரு வரி. 'பையன் எப்படி?' என்று கேட்டால் 'சேர்க்கை சரியில்லை' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் அதே அளவுகோல்.

இங்கேதான் பி.ஆர்.காரர்கள் இன்னும் சரியாகக் கவனிக்காத ஒரு குழி இருக்கிறது. ஒரு எண்ணெய் நிறுவனத்தின் மீது கலப்படப் புகார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அறிக்கை வருகிறது: 'எங்கள் எண்ணெயில் கலப்படம் இல்லை. கலப்படம் என்பது வதந்தி.' மனிதர் படித்தால் மறுப்பு. எண்களாக மாற்றினால், 'கலப்படம் இருக்கிறது' என்ற வாக்கியத்துக்கு இது பக்கத்து வீடு. சேர்க்கையை அளக்கும் முறைக்கு 'இல்லை' என்ற சொல்லின் கனம் சரியாகப் பிடிபடுவதில்லை. 2020-ல் அல்லிசன் எட்டிங்கர் என்ற மொழியியலாளர் பெர்ட்டைச் சோதித்தார். 'ராபின் ஒரு ___' என்று கேட்டால் 'பறவை' என்றது. 'ராபின் ஒரு ___ அல்ல' என்று கேட்டாலும் அதன் முதல் ஊகங்களில் 'பறவை' இருந்தது! அதற்குப் பின் வந்த பெரிய மாதிரிகள் எதிர்மறையை இன்னும் நன்றாகக் கையாளுகின்றன. ஆனால் துண்டுகளைத் தேடி எடுத்துக்கொடுக்கும் முதற்கட்டத்தில் இந்தத் தடுமாற்றம் போகவில்லை. மறுப்பு அறிக்கையில் புகாரின் சொற்களையே பத்து முறை எழுதுகிறவர், தன் நிறுவனத்தின் பெயரைப் புகாரோடு தன் கையாலேயே முடிந்துவிடுகிறார். எந்த ஆய்வகத்தில், எந்தத் தேதியில், என்ன அளவு தெரிந்தது என்று எழுதினால் பெயரின் அக்கம்பக்கத்தில் அந்தச் சொற்களாவது வந்து நிற்கும்.

நெருக்கம் வேறு, உண்மை வேறு. இந்த முறையின் அடிப்படைக் குறை இதுதான். 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் தன் ஏ.ஐ. பதில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டதும், பீட்சாவில் சீஸ் வழுக்கிக்கொண்டு போகிறதே என்று கேட்டவருக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலக்கலாம் என்று பதில் வந்தது. ரெட்டிட் தளத்தில் யாரோ அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் கிண்டலாக எழுதியது அது. கேள்விக்கு மிக நெருக்கமான துண்டு அதுவாகத்தான் இருந்திருக்கும். நிரல் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது. கிண்டல் என்று தெரிந்துகொள்வது அதன் வேலைப் பட்டியலில் இல்லை.

கிண்டலே இப்படி ஏறிவிடும் என்றால், திட்டம் போட்டு எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 'தமிழகத்தின் டாப் 10' என்று தாங்களே பட்டியல் போட்டு, முதலிடத்தில் தங்களையே உட்காரவைத்து, மற்ற ஒன்பதில் போட்டியாளர்களைத் தூவிவிடுகிறார்கள். மதிப்புள்ள செய்தித் தளங்களின் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, அந்தப் பெயரின் நிழலில் விளம்பரத்தைக் கட்டுரையாக வெளியிடுவது இன்னொரு வகை. 2024 மார்ச்சில் கூகுள் இதற்கும் விதி எழுதியது. பி.எம்.டபிள்யூ காலத்தில் சொல்லைத் திணித்தார்கள். இப்போது சேர்க்கையைத் திணிக்கிறார்கள். சொல் திணிப்பைப் படித்தவுடன் நமக்கே எரிச்சல் வரும். இது ஒழுங்கான கட்டுரை மாதிரியே இருப்பதால் கண்டுபிடிப்பது கடினம். அந்த வகையில் இது பழையதைவிட மோசம் என்றே நினைக்கிறேன்.

விளைவை அளப்பதும் சிக்கலாகிவிட்டது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் 900 பேரின் தேடல்களைக் கவனித்தது. ஏ.ஐ. சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில் மட்டுமே வழக்கமான லிங்க்கை அழுத்தினார்கள். சுருக்கம் வராதபோது 15 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே இருந்த லிங்க்கை அழுத்தியது 1 சதவீதம். 'இத்தனை பேர் வந்தார்கள்' என்று வாடிக்கையாளரிடம் காட்டிக் காசு வாங்கிய எஸ்.இ.ஓ.காரரும், செய்தித்தாள் கத்தரிப்புகளைக் கோப்பில் ஒட்டிக் காட்டிய பி.ஆர்.காரரும் இப்போது ஒரே மேஜையில் உட்கார்ந்து, நாலைந்து ஏ.ஐ. செயலிகளிடம் 'இந்த நிறுவனம் எப்படி?' என்று மாற்றி மாற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு பதில், மாலையில் வேறு பதில் வருகிறது. எதைப் பில்லில் சேர்ப்பது என்பது அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.