விளையாட்டு வீரரின் இதயம்

பி.எஸ்சி., (விலங்கியல்) இரண்டாம் ஆண்டு

கால்பந்து ஆட்டம் 90 நிமிடங்கள் நடைபெறுகிறது. அதற்குள் ஒரு நடுக்கள வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடிவிடுகிறார். பார்வையாளர்களாகிய நாம் அவருடைய கால்களைப் பார்த்து வியக்கிறோம். அந்தக் கால்களுக்காக உள்ளே ஓயாது உழைக்கும் இதயத்தை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? கடும் பயிற்சி இதயத்தை என்ன செய்கிறது என்பதை இக்கட்டுரையில் சிறிது காண்போம்.

உழைப்பால் வளரும் இதயம்

ஓய்வாக இருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடித்து, ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. தொடர்ந்து பயிற்சி பெறும் வீரரின் இடது கீழறை விரிவடைகிறது. அதன் சுவரும் சற்றுத் தடிக்கிறது. ஒரே துடிப்பில் மிகுதியான இரத்தம் வெளியேறுவதால், ஓய்வின்போது அவருடைய இதயம் 50 முறை துடித்தாலே போதுமானது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன், 1899 ஆம் ஆண்டிலேயே பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து, அவர்களுடைய இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். இது நோயன்று; உழைப்பின் பயனே ஆகும்.

அழற்சி நண்பனா, பகைவனா?

ஓடுவதும், சட்டென்று நிற்பதும், திரும்புவதும் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகின்றன. வெள்ளையணுக்கள் அங்கு விரைந்து, சிதைந்தவற்றை அகற்றிப் பழுது பார்க்க வழிசெய்கின்றன. இதுவே அழற்சி. உழைக்கும் தசை இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை வெளியிட, கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை உண்டாக்குகிறது. ஆட்டத்தின் மறுநாள் இதன் அளவு இரத்தத்தில் உயர்ந்திருக்கும். தசையிலிருந்து கசியும் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதி பழைய அளவுக்கு இறங்க மூன்று நாட்கள் கூட ஆகலாம்.

என் தந்தை நிலத்தை உழுது, சில நாள் ஆறப்போட்ட பிறகே விதைப்பார். உடலும் அப்படித்தான். பயிற்சி உழவு என்றால், ஓய்வே விளைச்சலுக்கு வழி. முறையாகப் பயிற்சி செய்து ஓய்வும் கொள்பவருக்கு, நாளடைவில் உடலின் அழற்சி குறைகிறது. ஆறுமுன் மீண்டும் மீண்டும் உழைப்பவருக்கோ களைப்பும் காயமுமே மிஞ்சும்.

ஆபத்து எங்கே?

2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து உயிர் நீத்தார். வயது 28. எவரும் அவர்மீது மோதவில்லை. பிறவியிலேயே மரபாக வரக்கூடிய இதயத் தசைத் தடிப்பு நோய் அவருக்கு இருந்தது பின்னரே தெரிந்தது. பயிற்சியால் தடித்த இதயம், பயிற்சியைச் சில மாதங்கள் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலையை நோக்கித் திரும்பும். நோயால் தடித்த இதயம் அவ்வாறு திரும்புவதில்லை.

இத்தாலியில் 1982 முதல் போட்டியாளர்களுக்கு இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அங்கு வெனெட்டோ பகுதியில், இலட்சம் இளம் வீரர்களுக்கு ஆண்டுக்கு 3.6 ஆக இருந்த திடீர் இதய மரணம், 2004க்குள் 0.4 ஆகக் குறைந்தது.

மற்றோர் ஆபத்து காய்ச்சல். சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையே அழற்சியுறக்கூடும். அந்நிலையில் கடுமையாக ஓடினால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிருக்கே கேடு நேரலாம்.

சென்ற ஆண்டு ஒரு போட்டியில், மூன்று நாள் காய்ச்சலோடு மாத்திரை விழுங்கிவிட்டு நான் ஆடினேன். நண்பர்கள் கைதட்டினார்கள். இரண்டாம் பாதியில் மார்பு படபடத்தது. அணியில் இடம் போய்விடுமே என்று எவரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். உடற்செயலியல் பாடத்தைப் படித்த பிறகு, அந்தக் கைதட்டலை நினைத்தால் அச்சமே வருகிறது.

எனவே நண்பர்களே! காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட மிகுந்திருந்தால் அன்று ஓய்வு கொள்ளுங்கள். காய்ச்சலோடு களம் இறங்காதீர்கள். ஓடும்போது மார்பு வலியோ மயக்கமோ வந்தால், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், உடனே மருத்துவரைக் காணுங்கள். உடல்நலமில்லை என்று சொல்லி ஒதுங்கி நிற்பவனைக் கோழை என்று எள்ளாதீர்கள். கோப்பையை அடுத்த ஆண்டும் வெல்லலாம்; இதயம் ஒன்றுதான்.