பனிக்கட்டிக்கு அடியில் விளையும் உணவு



பருவநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலைகளும் கரையை அரிக்கும் கடலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நன்னீர் ஏரிகளை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரஷ்யாவின் சைபீரியாவில் உள்ள பைக்கால் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆழம் 1,642 மீட்டர். உலகில் நிலத்தின்மேல் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஏரியில் அடங்கியுள்ளது.

இத்தனை பெரிய, குளிர்ந்த நீர்நிலை எளிதில் சூடேறாது என்றே நமக்குத் தோன்றும். அப்படியல்ல என்று காட்டியது ஒரு குடும்பத்தின் பொறுமை. இர்குத்ஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிகயில் கோஷோவ் 1945இல் ஒரே இடத்தில் நீரின் வெப்பத்தையும் நுண்ணுயிர்களையும் அளக்கத் தொடங்கினார். ஏழு அல்லது பத்து நாள்களுக்கு ஒருமுறை, கடுங்குளிரிலும் இது நடந்தது. அவருக்குப் பின் மகள் ஓல்கா, அடுத்துப் பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தேவா. சோவியத் ஆட்சியே கவிழ்ந்தபோதும் இப்பணி நிற்கவில்லை! 1946 முதல் மேல்மட்ட நீரின் வெப்பம் 1.21 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது என்பது 2008இல் வெளியான இவர்களது ஆய்வின் முடிவு. ஏரி உறைந்திருக்கும் காலமும் 1869க்கும் 1996க்கும் இடையே 18 நாள்கள் குறைந்துவிட்டது.

பதினெட்டு நாள்தானே என்று கேட்கலாம். பைக்காலின் பனிக்கட்டி பல இடங்களில் கண்ணாடி போலத் தெளிவானது. மேலே விழும் வெண்பனியைக் காற்று அடித்துச் சென்றுவிடும். ஆகவே ஒளி உள்ளே புகுந்து, பனிக்கட்டியின் அடியிலேயே டயாட்டம் என்னும் நுண்பாசிகள் செழித்து வளர்கின்றன. குளிர்நீரே அவற்றுக்கு உகந்தது. அவற்றை எப்பிஷூரா என்னும் சிறு மிதவை உயிரி உண்கிறது; அதனை மீன்களும், மீன்களை நெர்ப்பா என்னும் சீலும் உண்கின்றன. நன்னீரில் மட்டுமே வாழும் ஒரே சீல் இனம் இது. குளிர்காலத்தின் இறுதியில் பனிக்கட்டியின் மேல் வெண்பனிக் குகை அமைத்துக் குட்டி ஈனுகிறது. பனி முன்னதாக உடைந்தால் குட்டிக்கு மறைவிடம் இல்லை. இதற்கிடையே, வெதுவெதுப்பான நீரை விரும்பும் நீர்த்தெள்ளு இனங்கள் 1946 முதல் 335 விழுக்காடு பெருகியிருந்தன.

சீல் அழிந்தால் நாம் வருந்துவோம். பாசிக்காக யார் வருந்துவார்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் இதைத் தொட்டுக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் விலங்குகளைப் போலவே பாசிகளும் புழுக்களும் நுண்ணுயிர்களும் இயற்கையின் இயக்கத்திற்குத் தேவை என்றார்.

எல்லாப் பழியையும் வெப்பத்தின்மேல் போடுவது சரியன்று. பைக்காலின் புகழ்பெற்ற ஓமுல் மீன் அருகியதில் அளவுமீறிய மீன்பிடிப்புக்குப் பெரும் பங்குண்டு. 2017இல் வணிகமுறையில் அதைப் பிடிக்க அரசு தடை விதித்தது. கரையோரம் படர்ந்த பச்சை இழைப்பாசிக்கு ஊர்களின் கழிவுநீரே முக்கியக் காரணம். இவ்விரண்டையும் கரையில் வாழ்வோரும் அவர்களது அரசும் மனம்வைத்தால் சரிசெய்யலாம். அந்தப் பதினெட்டு நாள்களை மீட்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை. அந்த ஏரியைப் பார்த்தேயிராத நம் போன்றோரின் அடுப்பிலிருந்தும் வண்டியிலிருந்தும் எழும் புகையும் அந்தக் கணக்கில் சேர்கிறது.