கொச்சி யூதர்களும் ரபிகளின் தீர்ப்புரைகளும்

கேரளத்தின் கொச்சியில் வாழ்ந்த யூதர்களுள் ஒரு பிரிவினருக்கு, அவர்கள் ஓதிய மறையும் கடைப்பிடித்த ஓய்வுநாளும் மற்றவர்களுடையவையாகவே இருந்தபோதிலும், ஜெப ஆலயத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. இந்த வேற்றுமை யூத நெறிக்கு ஏற்றதுதானா என்ற கேள்வி 16ஆம் நூற்றாண்டு முதல் வெளிநாட்டு ரபிகளிடம் கேட்கப்பட்டது. ரபிகளின் விடை ஒவ்வொரு முறையும் சமத்துவத்தின் பக்கமே இருந்தது. ஆயினும் நடைமுறை மாறுவதற்கு 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரபி என்பவர் யார்?

ரபி என்ற எபிரேயச் சொல்லுக்கு 'என் ஆசான்' என்பது பொருள். ரபி பூசை செய்யும் குருக்கள் அல்லர். மறைநூலையும் அதன் சட்டங்களையும் கற்றுத் தேர்ந்து, ஐயம் கேட்போருக்கு வழிகாட்டும் அறிஞர். புதிய சிக்கல் ஒன்று எழும்போது மக்கள் ரபிக்குக் கடிதம் எழுதுவர். அவர் பழைய நூல்களை ஆராய்ந்து எழுத்தில் விடை தருவார். இவ்வாறு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த வினா-விடைக் கடிதங்கள் யூத இலக்கியத்தில் தனி வகையாக உள்ளன. திருமணம், வணிகம், அடிமைமுறை, மதமாற்றம் என அந்தந்தக் காலத்து மக்கள் எதிர்கொண்ட நடப்புச் சிக்கல்களை இவற்றில் காணலாம்.

கொச்சி யூதர்கள் தம் வழிபாட்டைச் சமூகப் பெரியோர்களைக் கொண்டே நடத்திவந்தனர். பெரிய வழக்குகளுக்குக் கெய்ரோ, எருசலேம் முதலிய நகரங்களின் ரபிகளை நாடினர்.

கொச்சி யூதர்களின் பிரிவுகள்

மலபார்க் கரையில் யூதர்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்தனர். சுமார் கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமையும் 72 சிறப்புரிமைகளும் வழங்கினார். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத அக்காலத்து மொழிநடையை அதில் காணலாம்.

1492இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் வழிவந்தோரில் சிலர் கொச்சிக்கு வந்தனர். பிற நாடுகளிலிருந்து வந்த யூதர்களும் அவர்களுடன் சேர்ந்தனர். இவர்கள் பரதேசி யூதர் எனப்பட்டனர். 1568இல் மட்டாஞ்சேரியில் கொச்சி அரசரின் அரண்மனையை ஒட்டி இவர்கள் ஜெப ஆலயம் எழுப்பினர். முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மலபாரி யூதர் எனப்பட்டனர். ஐரோப்பியரின் எழுத்துகளில் இவ்விரு பிரிவினரும் 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்று குறிக்கப்பட்டனர்.

மூன்றாவதாக, மெசுக்ராரிம் எனப்பட்ட சிறு பிரிவினரும் இருந்தனர். இச்சொல்லுக்கு 'விடுவிக்கப்பட்டோர்' என்று பொருள். யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத நெறியை ஏற்று விடுதலை பெற்றவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். பரதேசி ஜெப ஆலயத்தில் இவர்கள் முன்கூடத்தில் தரையில்தான் அமர வேண்டும். மறைச்சுருளை வாசிக்க இவர்களை அழைக்க மாட்டார்கள். மணவுறவும் கிடையாது. இறந்த பின் அடக்கம் செய்யும் இடமும் வேறாக இருந்தது.

ரபிகளின் விடைகள்

16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி சென்றது. கொச்சியில் ஒரு பிரிவினர் மற்றவர்களை அடிமை மரபினர் என்று கூறி மணஉறவை மறுக்கின்றனர், இது முறையா என்பதே அக்கேள்வி. அதற்கு விடை எழுதியவர் எகிப்தின் தலைமை ரபியாக விளங்கிய டேவிட் இபின் சிம்ரா. ஸ்பெயினில் பிறந்த இவர், 1492 வெளியேற்றத்தின்போது சிறுவயதிலேயே நாட்டை இழந்தவர். முறைப்படி விடுதலை பெற்று, நீராட்டுச் சடங்கை நிறைவேற்றியவர் முழுமையான யூதரே என்றும், அவர்களுடன் மணவுறவு கொள்ளத் தடையில்லை என்றும் அவர் தீர்ப்புரைத்தார்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாந்திரியாவின் ரபி யாக்கோபு டி காஸ்ட்ரோவும் இதே கருத்தை உறுதிப்படுத்தினார். 1882இல் எருசலேமின் செபார்திய தலைமை ரபியிடமிருந்தும் இதையொத்த விடையே வந்தது. இருப்பினும் பரதேசி யூதப் பெரியோர்கள் 'எங்கள் வழக்கம் இது' என்று கூறி நடைமுறையை மாற்ற மறுத்தனர்.

ஆபிரகாம் பராக் சேலம்

1882ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். மெசுக்ராரிம் பிரிவினரான இவர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றார். பின்னர்ச் சட்டம் படித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்ற உறுப்பினராகப் பணியாற்றினார். 1929இல் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார். பரதேசி ஜெப ஆலயத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

சட்டமன்றத்தில் இருக்கை பெற்ற இவருக்கு, தம் தெருவின் ஜெப ஆலயத்தில் சரிசமமான இருக்கை கிடைக்கவில்லை. சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். காந்தியடிகளின் சத்தியாகிரக முறையையும் கையாண்டார். இதனால் பிற்காலத்தவர் இவரை 'யூத காந்தி' என்றனர். 1937இல் கொச்சிக்கு வந்த மானுடவியலாளர் டேவிட் மண்டெல்பாம், பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டதைப் பதிவு செய்தார். 1950இல் சேலத்தின் மகன் பால்ஃபர், பரதேசி யூதப் பெண் ஒருவரை மணந்தார். அத்திருமணம் சமூகத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சேலம் 1967இல் கொச்சியிலேயே காலமானார்.

கமுதி வழக்கோடு ஓர் ஒப்பீடு

கொச்சியில் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தென் தமிழகத்தின் ஒரு நிகழ்வு உதவும். அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய வானம் பார்த்த பூமிக்குத் தென்கிழக்கே, குண்டாற்றங்கரையில் உள்ள ஊர் கமுதி. அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார்கள் நுழையத் தடை இருந்தது. 1897 மே மாதம் நாடார்கள் சிலர் உள்ளே சென்று வழிபட்டனர். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம் எனச் சென்ற வழக்கு, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. தொன்றுதொட்டு வந்த வழக்கத்தை முன்னிறுத்தி, எல்லா நிலைகளிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

இரு வழக்குகளும் கடல் கடந்து சென்றவை. கமுதியில் நீதிமன்றம் வழக்கத்தின் பக்கம் நின்றது. கொச்சியில் ரபிகள் வழக்கத்திற்கு எதிராகப் பேசினர். எனினும் இரண்டு ஊர்களிலும் பழைய வழக்கமே அப்போதைக்கு வென்றது. தொலைவில் இருந்த ரபியின் சொல்லை உள்ளூரில் நிறைவேற்றும் அதிகாரம் எவரிடமும் இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். அக்கம்பக்கத்துச் சமூகமே பிறப்பின்படி மனிதரைப் பிரித்து வைத்திருந்ததால், யூதர்களிடையேயும் அது இயல்பானதாகத் தோன்றியது என்பது மற்றொரு காரணம்.

அந்தச் சூழல் மாறத் தொடங்கியபோது கதவுகளும் திறந்தன. 1924இல் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. கொச்சி ஜெப ஆலயத்தின் மாற்றமும் இதே காலத்தைச் சேர்ந்தது.

பிற்காலம்

1948இல் இஸ்ரேல் நாடு உருவானது. சேலம் கொச்சி யூதர்களின் சார்பில் அந்நாட்டு அதிகாரிகளுடன் பேசினார். 1950களில் மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். நெகேவ் என்னும் வறண்ட நிலத்தில் உள்ள நெவாதிம் அவர்கள் குடியேறிய ஊர்களுள் ஒன்று.

பரதேசி ஜெப ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழா 1968இல் நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். அதன் பிறகு அங்கிருந்தோரும் படிப்படியாக வெளியேறினர். யூத நெறியில் முழுமையான கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் 10 பேர் தேவை. ஒரு பிரிவினரைத் தரையில் அமர்த்திய இந்த ஆலயத்தில், பிற்காலத்தில் அந்த 10 பேரைச் சேர்க்க வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. இன்று இது சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கும் வரலாற்றுச் சின்னமாக விளங்குகிறது.