மின்வாகன பேட்டரி: பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள்!

செஞ்சி போன்ற சிற்றூர்களிலும் மின்சார ஸ்கூட்டர்களும் மின் ஆட்டோக்களும் ஓடத் தொடங்கிவிட்டன. பெட்ரோல் செலவு மிச்சம், புகையும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்துபோனால் அதை எங்கே கொடுப்பது? பக்கத்திலிருக்கும் காயலான் கடைதான் நம் நினைவுக்கு வருகிறது. கையில் உடனே காசும் கிடைக்கும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

இவ்வாகனங்களில் இருவகை பேட்டரிகள் உள்ளன. விலை குறைந்த மின் ஆட்டோக்கள் பலவற்றில் இருப்பது ஈய பேட்டரி. அதை உடைத்து உருக்கினால் ஈயத்தூள் மண்ணிலும் காற்றிலும் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஸ்கூட்டர்களில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. வண்டியை ஓட்ட முடியாத நிலையிலும் அதற்குள் மின்சாரம் மீதமிருக்கும். சுத்தியலால் அடித்தாலோ துளையிட்டாலோ தீப்பற்றி நச்சுப்புகை கக்கும்.

செனகல் நாட்டின் டக்கார் அருகே, 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தனர். பழைய பேட்டரிகளை உடைத்த இடத்து மண்ணைச் சலித்து, ஈயம் பிரித்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தோர், தாய்மாரின் இரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஆபத்தான அளவு ஈயம் உள்ளதாக 2020ல் யுனிசெஃப் அறிவித்தது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022ன்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் கடமை. குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது நம் கடமை. மின்வாகன பேட்டரியிலுள்ள பொருள்களில் 2026-27 முதல் 90 சதவீதத்தை மறுசுழற்சியாளர் மீட்டெடுக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை:

• வண்டி வாங்கும்போதே, பழைய பேட்டரியை எப்படித் திரும்பப் பெறுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குவோம்.

• ஷோரூம் திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ இருந்தாலும் அங்கேயே ஒப்படைப்போம்.

• வீங்கிய, ஒழுகும் பேட்டரியை வீட்டுக்குள் வைக்க வேண்டாம்; சார்ஜ் போடவும் வேண்டாம்.

பழைய இரும்பு வியாபாரத்தில் நம் சமுதாயத்தவர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேட்டரி வந்தால் உடைக்காதீர்கள். முழுதாகவே, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உடைப்பவரின் உடையில் ஒட்டும் ஈயத்தூள், முதலில் போய்ச் சேர்வது அவரது பிள்ளைகளிடம்தான்.