அத்தியாவசியப் பட்டியலில் ரானிடிடின் இல்லை: அப்படின்னா தடையா?

"நெஞ்செரிச்சலா? ஒரு ரான்டாக் போடு." நம்ம வீடுகள் பலவற்றில் இதுதான் முதல் வைத்தியம். ரான்டாக், ஏசிலாக் போன்ற மாத்திரைகளில் இருக்கும் மருந்தின் பெயர் ரானிடிடின். 2022 செப்டம்பர் 13 அன்று டெல்லியில் மத்திய அரசு புதிய தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலை வெளியிட்டது. 34 மருந்துகள் சேர்ந்தன, 26 நீக்கப்பட்டன, மொத்தம் 384. நீக்கப்பட்டவற்றில் ரானிடிடினும் ஒன்று.

தடை செய்துவிட்டார்களா?

இல்லை. பட்டியலிலிருந்து நீக்குவது வேறு, தடை வேறு. விற்பனைக்கு அனுமதி தொடர்கிறது.

அப்போ என்ன மாறியது?

முதலில், விலை. பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதிக்கும். பட்டியலில் இல்லாத மருந்தின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10% வரை உயர்த்தலாம்.

அடுத்தது, கொள்முதல். அரசு மருத்துவமனைகளில் எந்த மருந்தை வாங்கி இலவசமாகக் கொடுப்பது என்பதற்கு இந்தப் பட்டியல் ஒரு வழிகாட்டி. ஆனால் கட்டாயமில்லை. மாநிலங்கள் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம்.

ரானிடிடினில் என்ன பிரச்சினை?

2019-ல் சில ரானிடிடின் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. இது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. நாளாக ஆக, வெப்பம் கூடக் கூட, மாத்திரைக்குள் இதன் அளவும் கூடலாம் என்பதுதான் சிக்கல். 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் எஃப்டிஏ, எல்லா ரானிடிடின் மருந்துகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. இந்தியா அந்த அளவுக்குப் போகவில்லை. 2025 ஜூலையில், தயாரிப்பாளர்கள் என்டிஎம்ஏ அளவைக் கண்காணிப்பதை உறுதிசெய்யுமாறு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

நான் என்ன செய்யணும்?

எப்போதோ ஒரு மாத்திரை போட்டதற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஊரில் அப்பாவோ அம்மாவோ வருடக்கணக்கில் தினமும் போடுகிறார்களா என்று ஒரு போன் செய்து கேளுங்கள். ஆம் என்றால், மாற்று மருந்து பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். ஃபாமோடிடின் உண்டு. பட்டியலில் தொடரும் ஒமிப்ரசோலும் உண்டு.

அதற்காக நீங்களாகவே ஒமிப்ரசோலுக்கு மாறி, நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். நீண்டகாலம் எடுத்தால் பி12, மெக்னீசியம் குறையலாம். தினமும் மாத்திரை தேவைப்படும் வயிற்றுக்கு, முதலில் தேவை பரிசோதனை.